நேரமின்மை காரணமாக

உலகத் தொல்குடிகளின் கவிதையைக் கொடைக்கானல் மலையேற்றியவரும், கவிதை வாசிப்பு வட்டத்தின் நிரந்தரத் தலைவருமான சக்திவேல் அவர்கள், பெருமாள்மலையில் ஞானம்மாவின் பாடைக்கு முன்னால் இரண்டே நிமிடம் பேசுவார் என்று அறிவித்தவரும் சக்திவேல் அவர்கள்தான்.

பிணத்துக்குப் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. பேச்சோ இன்னும் கொலம்பஸைத் தாண்டவில்லை.

ஞானம்மாவின் மகள் சத்தியபிரியா, அம்மாவின் தலைமாட்டில் நின்றாள். வட்டத்தின் அழைப்பிதழில் மூன்று தடவை அவள் பெயர் வந்திருந்தது, அபனாக்கி கவிதையைத் தமிழில் வாசிப்பவள் என்று. மூன்று தடவையும் தலைமையுரை முடிந்தபோது, நேரமின்மை காரணமாக நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். கேரட் கழுவும் கூலியை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஞானம்மா, செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்து போனாள். வீட்டில் படித்துக் காட்டுகிறேன் என்றாலும் கேட்கவில்லை.

"நாலு பேருக்கு முன்னால படி. அப்பக் கேக்குறேன். அது சரி, அபனாக்கின்னா எந்தத் தோட்டத்து டிவிசன் ஆளுக?"

"அமெரிக்காம்மா. அவங்க மண்ணுலயே அவங்கள வந்தேறின்னுட்டாங்க."

சிலோன் தோட்டத்தில் இந்தியாக்காரியாகவும் இங்கே சிலோன்காரியாகவும் இருந்த ஞானம்மா சற்று யோசித்தாள்.

"அப்ப நம்ம சனந்தான்."

பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். பாடை எழுந்துவிட்டால் அம்மா கேட்க வழியில்லை.

"மழ எறங்குது. வெரசா முடிக்கச் சொல்லு புள்ள" என்றார் தாய்மாமன் யோகராஜ்.

சத்தியபிரியா முன்னால் வந்தாள்.

"ஐயா, நேரமில்லீங்க."

"ஒரு நிமிசம்மா. அம்மாவோட பெருமைய..."

"அம்மாவுக்கு நேரமில்லீங்க. ஒதுங்குங்க."

கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையமர்த்தினாள். பிறந்த ஆற்றங்கரையிலேயே நின்று, 'நீ யார்' என்று கேட்கிறவர்களிடம் தன் பெயரைச் சொல்லும் ஒருத்தியின் கவிதை அது. காகிதம் தேவைப்படவில்லை. முதல் அடிக்குக் குரல் நடுங்கியது. இரண்டாம் அடிக்கு இல்லை. ஒப்பாரிக்கு உட்கார்ந்திருந்த பெண்கள், வழக்கம்போல, ஒவ்வொரு அடியின் வாலையும் வாங்கித் திருப்பிப் பாடினார்கள். அமெரிக்க ஆறு ஒன்றுக்காகப் பெருமாள்மலையில் மாரடித்தார்கள். தலைவர் வாயைத் திறந்தார். சத்தியபிரியா அவரைப் பார்த்துக்கொண்டே கடைசி அடியை இன்னொரு தடவை சொன்னாள்.

பாடையைத் தூக்கினார்கள். யோகராஜ் மாமா மூங்கில் உறுத்தித் தோளை மாற்றினார். சத்தியபிரியா, அம்மா மேலிருந்த பொன்னாடையை உருவி, நாலாக மடித்து, மாமாவின் தோளில் வைத்தாள்.

அளவு சரியாக இருந்தது.