நாளைக்குப் பேசப்போகிற குரல்

கட்கி பஜாரில் கனகவல்லி நடத்திவந்த தட்டச்சு அலுவலகத்துக்குக் கேபிள் வழியாக இணையம் வந்த வாரத்திலிருந்து, அமெரிக்க டாக்டர் நாளைக்குப் பேசப்போவது இன்றைக்கே வந்து சேர ஆரம்பித்தது.

அலுவலகம் என்றால், மராத்திக்காரர்களுக்கு நடுவே தமிழர்கள் குடியேறிய அந்தப் பஜாரில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த கனகவல்லி, தட்டச்சு இயந்திரங்களை யாரும் சீண்டாத காலம் வந்ததும், 1999இல் இந்தத் தொழிலுக்கு மாறினாள். ஒஹையோ மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பதிவு செய்து அனுப்புவார்கள். கட்கிப் பெண்கள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுத் தட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். முதலில் டயல்-அப்தான் இருந்தது. அதில் வரும் குரல் வழியிலேயே மூப்படைந்துவிடும். டாக்டர் ஹாலிஸுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. டெலிபோன் கம்பியில் அவர் பல் போன கிழவராக, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மழைக்காலத்தில் இருமலும் சேர்ந்துகொண்டது. பெண்கள் அதற்குப் பழகியிருந்தார்கள். ஆனால் அந்தக் கிழக் குரலில் ரத்த அழுத்தம் கூடியதா குறைந்ததா என்பதே பிடிபடாமல் மாற்றித் தட்டிவிட, நல்ல இணைப்புக்கு மாறச் சொல்லி மருத்துவமனையிலிருந்து எச்சரிக்கை வந்தது.

கனகவல்லி ஒவ்வொன்றாக விசாரித்தாள். தனி லைன் ஹிஞ்சேவாடியின் பெரிய கணினிக் கம்பெனிகளுக்குத்தான் கட்டுப்படியாகும். மொட்டை மாடியில் தட்டு வைத்துக் காற்று வழியாக வாங்கலாம் என்றார்கள். ஆனால் சிக்னல் அனுப்பும் கோபுரத்துக்கும் மாடிக்கும் நடுவே ராணுவ நிலத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது, அதன் ஒரு கிளையை வெட்டக்கூட டில்லியிலிருந்து உத்தரவு வர வேண்டும். ஐ.எஸ்.டி.என். என்று டெலிபோன் இலாகா ஒரு புது லைன் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அப்போதுதான் கேபிள்கார கேஷவ் வந்தான். கட்கித் தமிழ்ப் பையன்களோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்த மராத்திக்காரன். நாளைக்கே போட்டுத் தருகிறேன் என்றான், மறுநாளே கம்பிச் சுருளோடு வந்து நின்றான். சொன்ன நாளில் வந்த கேபிள்காரனைக் கட்கியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே கனகவல்லிக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது.

அவள் கணவர் சின்னதுரைக்குச் சந்தேகம் வரக் காரணமே வேண்டியதில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தினமும் வாசலில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். உலகத்தையும் அப்படித்தான் உள்ளே விட வேண்டும் என்பது அவர் கட்சி. "இவன் கம்பி கூரைகூரையாத் தாவி வருது கனகா. நடுவுல யார் யார் காது வெச்சிருக்கானோ" என்றார்.

கேபிளில் டாக்டர் ஹாலிஸின் குரல் இளமையாக, பளிச்சென்று வந்தது. பெண்கள் வெட்கப்பட்டார்கள். பதிவில் அவர் சொல்லும் தேதி மட்டும் ஒரு நாள் தள்ளியிருந்தது. அமெரிக்காவில் தேதி வேறு என்று தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு, காதில் விழுந்தபடி தட்டி அனுப்பினார்கள். மாதக் கடைசியில் டாக்டரிடமிருந்து கடுமையான மின்னஞ்சல் வந்தது. அவர் இன்னும் பார்க்காத நோயாளியைப் பற்றிய அறிக்கை, காலையில் அவர் வரும்போதே மேசைமேல் இருக்கிறதாம். வார்த்தைக்கு வார்த்தை அவர் சொல்லப்போவதேதான். நடுவில் அடிக்கப்போகும் நகைச்சுவை உட்பட. தன் அறைக்குள் உங்கள் ஆள் யார் இருக்கிறார் என்று கேட்டிருந்தார். சரியான பதில் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

கனகவல்லியின் சந்தேகம் ஆரோக்கியமேரியின் மேல் விழுந்தது. தட்டச்சுப் பள்ளியில் அவளிடம் படித்து, இப்போது எல்லோருடைய வேலையையும் திருத்திக் கொடுப்பவள் மேரி. சாப்பாட்டு வேளையில் டாக்டர் ஹாலிஸ் மாதிரியே பேசிக்காட்டிப் பெண்களுக்குப் புரையேற வைப்பாள். சீக்கிரம் முடித்துவிட்டுப் போக இவளே குரலைப் பதிவு செய்து, கதை கட்டி அனுப்புகிறாளோ? கனகவல்லி தன் நாற்காலியை மேரிக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மேரி கை கழுவப் போகும்போது அவள் பையைத் திறந்து பார்த்தாள். டிபன் டப்பாவும் ஜெபமாலையும்தான் இருந்தன. இதெல்லாம் மேரிக்குத் தெரிந்திருந்தது.

ஒரு பிற்பகல் மேரி ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கூப்பிட்டாள். "டீச்சர், இங்க வந்து இதக் கேளுங்க."

எலினார் என்ற முதியவளின் மரணக் குறிப்பு அது. முதல் மாதத்திலிருந்தே அந்த அம்மாளின் அறிக்கைகளைத் தட்டிவந்தவர்கள் அவர்கள். முழங்கால் வலி, சர்க்கரை, பூனை காலில் சிக்கி விழுந்தது எல்லாமே அவர்களுக்குத் தெரியும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று பெரிய எழுத்தில் பலமுறை தட்டியிருக்கிறார்கள். காலையில் அந்த ஊசிதான் தவறுதலாகப் போடப்பட்டது, உயிர் பிரிந்தது என்று டாக்டரின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. தேதி நாளைய தேதி.

கனகவல்லி முழுவதும் கேட்டாள். "நல்லாத்தான் பண்ணியிருக்க மேரி."

"என்ன பண்ணியிருக்கேன்?"

"இந்தக் குரல."

மேரியின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஓ, இதுக்குத்தான் என் பைய நோண்டுனீங்களா? சரி டீச்சர், என்னப் பத்தி என்ன வேணா நெனச்சுக்கோங்க. மொதல்ல அங்க ஒரு போன் போடுங்க. அந்தம்மா இன்னும் உயிரோடதான் இருக்காங்க."

ஷிஃப்ட் முடிந்து மனைவியை அழைத்துப்போக வந்திருந்த சின்னதுரை குறுக்கே வந்தார். "போடாத கனகா. உனக்கெப்படித் தெரியும்னு கேப்பான். என்ன சொல்லுவ? நாமளே வேவு பாத்தோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கான்ட்ராக்டும் போச்சு, பேரும் போச்சு."

அவர் சொன்னது நியாயம்தான். கனகவல்லி மறுபடி ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். குறிப்பின் கடைசியில் குரல் நின்றுபோய், பதிவைத் தானே அணைக்கவும் தோன்றாமல் ஓர் ஆண் தேம்பும் சத்தம் கேட்டது. மேரிக்கு எந்தக் குரலும் வரும். அழ மட்டும் வராது. பரீட்சையில் தோற்ற அன்றுகூடச் சிரித்துக்கொண்டு நின்றவள் அவள். இது கனகவல்லிக்கு உறைத்ததும், கணவரை நிமிர்ந்து பார்க்காமலே போனை எடுத்து ஒஹையோவுக்குச் சுற்றினாள்.

அங்கே விடிந்துகொண்டிருந்தது. டாக்டர் காரில் இருந்தார். எலினாருக்குப் பென்சிலின் போட விடாதீர்கள் என்று கனகவல்லி தன் தட்டச்சுப் பள்ளி ஆங்கிலத்தில் சொன்னாள். உங்களுக்கு இதை யார் சொன்னது என்றார் அவர். நீங்கள்தான் என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் கேபிளில் வந்த பதிவில், எலினார் தேறிவிட்டதாகவும் மருத்துவமனை சூப்பில் உப்பே இல்லை என்று சண்டை போட்டதாகவும் டாக்டர் சொன்னார். மேரி அந்த மரணக் குறிப்பைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அதில் ஒரு ஆள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு யாரிடமோ காப்பி கேட்பது மட்டும் இருந்தது. கனகவல்லி மேரியிடம் மன்னிப்புக் கேட்டாள். "பரவால்ல டீச்சர்" என்றாள் மேரி. ஆனால் அந்த வாரமே பைக்கு ஒரு சின்னப் பூட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். அதை அவள் எடுக்கவேயில்லை.

மருத்துவமனை அமெரிக்காவிலிருந்து ஓர் அதிகாரியம்மாளை விசாரணைக்கு அனுப்பியது. அவள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்; கேஷவைக் கூட்டிக்கொண்டு கேபிளைக் கூரைகூரையாகப் பின்தொடர்ந்தாள்; முடிவில் அவன் அறையில் மராத்தி சீரியல் ஓடும் டி.வி. முன்னால் போய் நின்றாள். சந்தேகம் தீரவில்லை, பிடிக்கவும் ஒன்றுமில்லை. பேசி முடித்த பிறகே குரலைக் கொண்டுவரும் இணைப்பு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டுப் போனாள். அதற்குள் ஐ.எஸ்.டி.என். வந்துவிட்டது. அதில் டாக்டர் அவருடைய வயதிலேயே, அன்றைய தேதியிலேயே பேசினார். தொழிலுக்கு அதுதான் சரி என்று கனகவல்லி முடிவு செய்தாள். இரண்டு லைன் எதற்கு என்று சின்னதுரை முணுமுணுத்தார். "ஸ்பீட் கம்மி பண்ணித் தரட்டா அக்கா? டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேணாம்" என்றான் கேஷவ். எதையும் கம்மி பண்ண வேண்டாம் என்று சொல்லி, கேபிளை மேரியின் கணினியில் மட்டும் விட்டுவைத்தாள் கனகவல்லி.

அடுத்த வருஷம் டாக்டர் ஹாலிஸே கூப்பிட்டார். சுற்றி வளைத்துக் கட்கியின் மழையைப் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, நாளைக்கு ஏதாவது இருக்கிறதா என்றார். மேரி பார்த்து, ஒன்றுமில்லை டாக்டர், போய் வாருங்கள் என்றாள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. 2006 மழைக்காலத்தில் ஒருநாள், நாளைய தேதியில் அவர் குரலே வரவில்லை என்று மேரி சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர், அப்படியானால் தான் மருத்துவமனைக்குப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, ஏரிக்கரையில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு மீன் பிடிக்கக் கிளம்பிப் போனார். ஒரு வாரம் கழித்து வெயிலில் தோலுரிந்த குரலோடு ஐ.எஸ்.டி.என்.னில் திரும்பி வந்தார். குரல் வராததால் அவர் விடுப்பு எடுத்தாரா, விடுப்பு எடுத்ததால் குரல் வரவில்லையா என்று சின்னதுரை மட்டும் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்துப் பெண்களுக்குத் தட்ட வேலை இருந்தது.