மஹதி வைத்த கனுப்பிடி

பொங்கலுக்கு மறுநாள், கனுவன்று காலை, துபாய் பக்கத்து அஜ்மான் ஃபிளாட்டின் பால்கனியில் மஞ்சள் இலையை விரித்துவிட்டு, கலர் சாதத் தட்டை மகளிடம் நீட்டினாள் ஷியாமளா. உடன்பிறந்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் காக்கைக்கு வைக்கும் பிடி அது. மஹதி தட்டை வாங்கவில்லை.

வாங்குவாளா பின்னே? தம்பி ஆதித்யா செய்த காரியம் அப்படி. வருமான வரி என்றால் என்னவென்றே தெரியாமல் அஜ்மானில் வளர்ந்த பிள்ளை, படிக்க டெக்சாஸ் போனவன், லிபர்டேரியன் ஆகிவிட்டான். அரசாங்கம் வரி வாங்கவும் கூடாது, யாரையும் தாங்கவும் கூடாது, அவரவர் பாடு அவரவருக்கு என்பது அவர்கள் கட்சி. ஒரு காலத்தில் அங்கே சீந்த ஆளில்லாத பேச்சு. இப்போது பெரிய கட்சிக்காரர்களே அதைத்தான் பேசுகிறார்கள். அப்படி ஒரு தலைவருக்கு உரை எழுதித் தருவதுதான் ஆதித்யாவின் உத்தியோகம்.

மஹதிக்கும் அமெரிக்காவில்தான் வேலை. அரசாங்க மானியத்தில் நடந்த ஒரு டெங்கு ஆராய்ச்சிக்கூடத்தில். "டம்ளர் டம்ளரா கொசு முட்டை எண்ணிண்டிருக்கேன்டா" என்று ஒருநாள் தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள். அவன் அதைத் தூக்கி உரையில் போட்டான். கொசு முட்டை எண்ணவா உங்கள் வரிப்பணம் என்று தலைவர் கேட்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஷியாமளா முழுதும் கேட்காமலே அந்த வீடியோவை 'என் பிள்ளை எழுதினது' என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அந்த வருஷமே மானியம் நின்றது, வேலை போனது, விசாவும் போனது. மஹதி பெட்டியோடு பெற்றவர்களிடம் வந்து சேர்ந்தாள்.

ஷியாமளாவின் கைபேசியில், வீடியோ காலில் ஆதித்யா காத்திருந்தான்.

"அக்கா, உன் பேரை நான் எங்கயும் சொல்லலையே. அது பாலிசி. பர்சனலா எடுத்துக்காதே."

"தம்பின்னு நெனச்சுதானேடா உன்கிட்ட சொன்னேன்?"

"எழுதினது தப்புன்னு எனக்குத் தோணலைக்கா" என்றான்.

ஷியாமளாவுக்கு இரண்டும் பெற்ற பிள்ளைகள், யார் பக்கம் பேசுவாள்? அழுதுகொண்டே மகளின் கையைப் பிடித்தாள். "வச்சுடுடி கண்ணா. நல்ல நாளும் அதுவுமா..."

மஹதி தட்டை வாங்கினாள். ஒவ்வொரு பிடியாக, சிந்தாமல் இலையில் வைத்தாள். கண்ணை மூடி நின்றாள்.

"பாத்தியாம்மா, அக்காவுக்குக் கோபமெல்லாம் இல்லை" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு ஆதித்யா அழைப்பை முடித்தான். ஷியாமளாவும் அப்படித்தான் நம்பினாள்.

மஹதி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"உனக்காகத்தான் வச்சேன்மா. நீ இருக்கற வரைக்கும் வைப்பேன்."