பிரேக் விளக்கு எரிந்ததா?

நாலு மணிக்கு வண்டி இன்ஸ்பெக்டர் வருவார். அவர் எழுதப்போவது ஒரே விஷயம்தான்: மஹேஷ் திடீரென்று பிரேக் போட்டபோது காரின் பின்னாலுள்ள பிரேக் விளக்கு எரிந்ததா, இல்லையா? எரிந்தது என்று எழுதிவிட்டால், பின்னால் ஸ்கூட்டரில் வந்து மோதிக் காலை ஒடித்துக்கொண்ட ரெஷ்மாவின் தலையில்தான் பழி விழும்.

சாலைக் கடைத்தெருவில் இருபது வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிற பகவதிப்பெருமாளை, மஹேஷ் கையோடு, கார் நிற்கிற போலீஸ் ஸ்டேஷன் முற்றத்துக்கு இழுத்து வந்திருந்தான். பத்து நாளைக்கு முன் அந்த விளக்கைச் சரிசெய்து கொடுத்தவர் அவர்தான்.

"அண்ணாச்சி, விளக்கு சரியா இருந்ததுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போறும். அந்தப் பொண்ணு போனைப் பாத்துண்டு வந்திருப்பா, வேறென்ன?"

"இருங்க சார், பாக்கட்டு. மெதுவா சவிட்டுங்க."

மஹேஷ் பெடலை மிதித்தான். மூன்று விளக்கும் பளிச்சென்று எரிந்தன. பத்துத் தடவை மிதித்தான், பத்துத் தடவையும் எரிந்தன. ஃபியூஸ் சரி, பல்பு சரி. பகவதிப்பெருமாள் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவரோ பெடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

விளக்கைச் சரிசெய்த அன்றைக்கு, அம்மன் கோயில் பொங்காலைக்கு முந்தின நாள். கடை வாசல்வரை பெண்கள் பொங்கல் அடுப்புக்குச் செங்கல் அடுக்கி இடம் பிடித்துவிட்டார்கள். வண்டியை எடு, ரோட்டை அடைக்க வேண்டும் என்று போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டே நின்றார். பெடலுக்கு மேலே, சுவிட்சுக்குப் போகிற வயர் அறுந்திருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டிய இடத்தைக் கையால் முறுக்கி, டேப்பைச் சுற்றி, "பொங்காலை கழிஞ்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். மஹேஷ் வரவில்லை. இவராவது ஒரு போன் போட்டுக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? மறந்தே போனார், மனுஷன்!

"இப்போ ஆள் குறுக்கே சாடின மாதிரி ஊணிச் சவிட்டுங்க."

மஹேஷ் ஓங்கி மிதித்தான். மூன்று விளக்கும் ஒரு மினுக்கு மினுக்கி அணைந்துபோயின.

பகவதிப்பெருமாள் டார்ச்சோடு பெடலுக்கு அடியில் தலையை நுழைத்தார். பெடல் அடிவரை இறங்கும்போது வயரை இழுக்கிறது, முறுக்கு விலகுகிறது. காலைத் தளர்த்தினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. தொலைந்தது!

விஷயம் புரிந்ததும் மஹேஷ் குரலைத் தாழ்த்தினான். "வாயைத் திறக்காதேங்கோ. மெதுவா மிதிச்சா எரியறதே, அவர் அப்படித்தான் பாப்பார். வெளியே தெரிஞ்சா முதல்ல மாட்டறது நீங்கதான்."

அது உண்மைதான். இருபது வருஷப் பேர் ஒரே நாளில் போய்விடும். பகவதிப்பெருமாளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். சீட்டில் சாய்ந்தபடி மூன்று முறை லேசாக மிதித்தார். பின்னால் நின்ற போலீஸ்காரர், "எரியுது சார்" என்றார். இன்ஸ்பெக்டர் இறங்கி, பேனாவைத் திறந்தார். மஹேஷ் பகவதிப்பெருமாளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

அவர் கையை உதறினார்.

"சார், எழுதாண்டாம். நான் சவிட்டுதேன், நீங்க பின்னால நின்னு பாருங்க."

ஏறி உட்கார்ந்து, உடம்பின் பலத்தையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்து மிதித்தார்.

"லைட் இல்லையே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்த ஜாயிண்ட்டு நான் போட்டது சார். பின்னால வந்த பிள்ளைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டினார். "பேரு?"

"பகவதிப்பெருமாள்." கேட்காமலே கடையின் முகவரியையும் சொன்னார்.