அந்தரத்தில் அத்தை

"ஆகாசத்துல உக்காந்திருக்கா பாரு, பைலட் மாதிரி!" என்று அத்தை என்றைக்கோ வாய்விட்டுச் சொன்னதுதான். சொந்தபந்தம் மொத்தமும் லாரி ஓட்டுகிறவளின் நிஜப் பெயரை மறந்து, பைலட் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டது. வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் லாரி அவளுடையது. சொந்த வண்டி. அதை அவள் பின்னால் எடுத்துச் சந்துக்குள் நுழைக்கிற அழகைப் பார்க்க, போகிறவர்கள் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

அன்றைக்கு ஏற்றியது, அத்தையின் மூத்த மகனைக் கட்டியிருக்கும் அக்கா வீட்டுச் சாமான். பக்கத்துப் பேட்டையில் கொஞ்சம் பெரிய வீடாகக் கிடைத்திருந்தது. வண்டியை வாசலில் நிறுத்தியதுமே மாடி வீட்டுக்காரி பால்கனியில் தோன்றி, உதட்டில் விரலை வைத்தாள். "எஞ்சினை அணைச்சிடுங்க, புண்ணியமாப் போகும். குழந்தை இப்பத்தான் கண் அசந்துது!"

பைலட் அணைத்தாள். அங்கே பிடித்தது சனி.

எஞ்சின் தூங்கலாம், லாரி தூங்காது. பின்பக்கக் கேமரா, வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி, குட்டி ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் பாட்டரியைத்தான் உறிஞ்சும். பின்னால் இருக்கும் தூக்குப் பலகை வேறு. பித்தானை அழுத்தினால் பீரோவைக்கூடப் பூப்போலத் தூக்கி லாரித் தளத்தில் சேர்க்கும். போதாததற்கு அத்தான். மேற்பார்வை பார்க்கிறேன் என்று கேபினில் ஏறிக்கொண்டவர், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்தார், லேப்டாப்பைச் செருகினார், பாட்டுப் போட்டார். முதுகைப் பிடித்துவிடும் மின்சார மெத்தை ஒன்றையும் மாட்டிக்கொண்டு, "ஆஹா, வீட்டைவிட இங்க சௌகரியம்" என்று கண்களை மூடிக்கொண்டார்.

பீரோ ஏறியது, சோபா ஏறியது. அடுத்தது அத்தை.

தன் கண்ணாடி அலமாரிக்குப் பத்திரமான இடம் விட்டிருக்கிறார்களா என்று நேரில் பார்க்காவிட்டால் அத்தைக்குத் தலை வெடித்துவிடும். "ஏணியெல்லாம் என் முட்டிக்கு ஆகாது. நாற்காலியை அந்தப் பலகைல போடு, நான் உக்காந்தே வரேன்." கைவைத்த நாற்காலியில், மடியில் கைப்பையோடு, கொலுவீற்றிருப்பதுபோல அமர்ந்தாள். பைலட் பித்தானை அழுத்தினாள். பலகை ரீங்காரத்தோடு எழும்பி, ரீங்காரம் முனகலாகி, முனகல் இருமலாகி, நெஞ்சுயரத்தில் நின்றுவிட்டது. கேபினில் பாட்டும் பாதி வரியில் செத்தது.

"என்னடி, வந்துடுச்சா?" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை. பாட்டரி போயிடுச்சு. அசையாம இரு."

"எங்கடி அசையறது? அசைஞ்சா நேரா சிவலோகந்தான்!"

இந்த மாதிரி நேரத்தில் பலகையைக் கையாலேயே இறக்க அடியில் ஒரு திருகு உண்டு. அது பைலட்டுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கை திருகுக்குப் போகவில்லை. போனுக்குப் போனது.

பாட்டரிக்காரர் வந்த வேகத்தில் சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. கொஞ்ச காலமாகவே அவளுடைய வண்டி அடிக்கடி மக்கர் செய்கிறது, இவரும் அடிக்கடி வருகிறார். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோள் குலுங்குவதைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க பைலட்டுக்குக் கியர் மாற்றுவதே தாளம் போடுவதுபோல இருக்கும்.

அண்ணாந்து அத்தையைப் பார்த்ததும் அந்தத் தோள் குலுங்கத் தொடங்கியது. அடக்கிக்கொண்டு, கேபினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது பாட்டரியோட தப்பே இல்லைங்க. எஞ்சினைக் கிளப்பற பாட்டரி ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி. ஒரே மூச்சுல பலத்தைக் கொட்டிட்டு உக்காந்துடும். நீங்க அதை நாள் பூரா மூட்டை தூக்க விட்டிருக்கீங்க. அந்தக் காலத்து லாரிக்கு விளக்கு எரிஞ்சா போதும். இப்போ ஒரு குடும்பமே இதுக்குள்ள நடக்குது."

"அப்போ அது பாட்டரி இல்ல, இந்த வீட்டு மூத்த மருமக" என்றாள் மேலிருந்து அத்தை. மூத்த மருமகளான அக்கா கை தட்டினாள்.

பாட்டரிக்காரர் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார். "முதல்ல அம்மாவை இறக்கிடலாம். கையால இறக்க இங்கயே ஒரு திருகு இருக்கே."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை டயரைப் பார்த்தாள்.

"அந்தத் திருகை எனக்கே காட்டினவளாச்சே இவ!" என்றாள் அத்தை.

"அவசரத்துல மறந்துட்டேன் அத்தை."

"இவரோட நம்பர் மட்டும் மறக்கலையாக்கும்!"

பைலட்டின் காது மடல் சிவந்து கொதித்தது. அவர் திருகின் மேல் கையை வைத்தார்.

"தொடாதே தம்பி! இறக்கினா எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போயிடுவீங்க. நான் இங்கயே இருக்கேன், நல்லா காத்து வருது. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இ... இல்லம்மா."

"ஏன்?"

"வண்டி நின்ன இடத்துக்கெல்லாம் ஓடிட்டே இருக்கேன். யாரும்மா பொண்ணு குடுப்பாங்க?"

"இவளுந்தான் ஓடிட்டே இருக்கா. ரெண்டு பேரும் ஓடினா எங்கயாவது முட்டிக்கத்தானே வேணும்?"

பாட்டரிக்காரர் எழுந்து நின்றார். முகத்தில் வேர்வை. "ஒரு விஷயம் சொல்லிடறேங்க. ஃபிரிட்ஜ், ஃபேனுக்கெல்லாம் தனியா ஒரு பாட்டரி போட்டுட்டா இந்தத் தொல்லையே இருக்காது. அதை வாங்கி என் வேன்லயே வெச்சுட்டுச் சுத்தறேன். ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வரேன். ஆனா மாட்டிட்டா..."

"மாட்டிட்டா?" என்றாள் பைலட். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அப்புறம் நீங்க கூப்பிடவே மாட்டீங்களே."

பைலட்டுக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு பொங்கியது. வாயைப் பொத்தினாள், விரலிடுக்கில் வழிந்தது. மறைத்ததில் தனக்குச் சரிசமமான ஆள்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்தபோது, வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரிந்தவள் நேராக முன்னால் போனாள்.

"அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டாம். நான் கேக்கறேன், எனக்குச் சொல்லுங்க. என்னைக் கட்டிக்கறீங்களா?"

"ம்" என்றார் அவர். அது போதாதோ என்று பட்டதுபோல, "சரிங்க" என்றார். அதுவும் போதாமல் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அத்தான் கேபினிலிருந்து விசிலடித்தார். மாடியில் குழந்தை வீலென்று அலறியது. பால்கனிக்குப் பாய்ந்து வந்த தாய், திட்ட வாயெடுத்தவள், அந்தரத்தில் உட்கார்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தையைக் கண்டு திகைத்தாள். "ஐயோ, என்ன ஆச்சு?"

"கல்யாணம் நிச்சயமாயிடுச்சு!" என்றாள் அத்தை.

"அப்படியா! எந்தப் பொண்ணு? அந்த டிரைவரா? இருங்க, குழந்தையையும் தூக்கிட்டு வந்து காட்டறேன்!"

திருகைத் திருப்பி அத்தையை மெல்ல இறக்கினார்கள். இறங்கும்போது அவள் மாப்பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள், முடி நிஜம்தானா என்று சோதிப்பதுபோல. புதுப் பாட்டரி தன் இடத்தில் உட்கார்ந்தது. பழையதற்கு அவருடைய வேனிலிருந்து உயிர் கொடுத்ததும் எஞ்சின் உறுமியது. கண்ணாடி அலமாரியை அவரே முதுகு கொடுத்து ஏற்றினார். கட்டு சரியில்லை என்று அத்தை இரண்டாவது முறை கட்டச் சொன்னாள், கட்டினார்.

அத்தையைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. பக்கக் கண்ணாடியில் அவருடைய வேன், வாலைப் பிடித்தாற்போலப் பின்னாலேயே வந்தது. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பைலட் கண்ணாடியைப் பார்த்தாள். வேனுக்குள் ஒரு ஜோடித் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பச்சை விழுந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. தெருவே ஹாரன் அடித்தது.

"போடி, போ!" என்று அத்தை அவள் தொடையில் தட்டினாள்.