நடுச்சுவரில் ஒரு வழி

அந்தச் சித்திரையில் எறையூர் மேலத்தெரு எரிந்துபோனது. எல்லாம் கரும்புத்தோகை வேய்ந்த கூரை. ஆண்டாயி போய்ப் பார்த்துவிட்டு வந்து தன் வீட்டைச் சுற்றி நோட்டம் விட்டாள். வாசல் ஒன்று. அதை ஒட்டி அடுப்பு. உள்ளே நடுச்சுவர் ஓரம் பிள்ளைகள் இரண்டும் படுப்பது. அடுப்பில் பிடித்தால் பிள்ளைகளுக்கு வெளியே வர வழியில்லை.

புருஷன் பஞ்சநாதனிடம் சொன்னாள். அவனும் சும்மா இருக்கவில்லை. வாசலில் மணல் கொட்டினான். தொட்டியில் தண்ணீர் நிரப்பினான். கூரையைப் பிடுங்கித் தள்ளத் துரட்டி சாத்திவைத்தான். ஆட்டுக்கயிற்றை அறுக்க அரிவாள்கூடச் செருகினான்.

"ஆட்டுக்கு வழி பண்ணிட்ட. புள்ளைங்களுக்கு?"

வழி நடுச்சுவரில்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சநாதனின் அண்ணன் அய்யாக்கண்ணு. ஒரே வீட்டைப் பாகம் பிரித்தபோது எழுப்பிய சுவர். தெருவாசல் தம்பிக்கு, கொல்லைவாசல் அண்ணனுக்கு. கூரையை மட்டும் பிரிக்க முடியவில்லை. பிறகு வந்த வரப்புச் சண்டையில், அவன் வீட்டில் இவன் கால் படாது, இவன் வீட்டில் அவன் கால் படாது என்று மதுரைவீரன் முன்னால் இருவரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

"சாமி குத்தமாயிடும்டி."

"சாமி வேப்பமரத்தடியில காத்தாட நிக்கிது. தோகைக்கு அடியில படுக்கறது நாமதான்."

பஞ்சநாதன் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டிப் போன அன்று ஆண்டாயி கடப்பாறையை எடுத்தாள். நாலு குத்து குத்துவதற்குள் அந்தப் பக்கமிருந்தும் குத்து விழுந்தது. மண் உதிர்ந்தது. ஓட்டையில் ஓரகத்தி பாப்பாத்தியின் முகம்.

"ஏன்டி, எங்களுக்கும் ஒரு வாசல்தானே இருக்கு? வாயைத் தொறந்து கேட்டா கொறஞ்சா போயிடுவ?"

"நீ கேட்டிருக்கலாம்லக்கா."

பொழுது சாய்வதற்குள் ஆள் குனிந்து போகும் அளவுக்கு வழி ஆகிவிட்டது. பஞ்சநாதன் வந்து பார்த்துக் கத்தினான். பிள்ளைகள் போகட்டும், ஆடு போகட்டும், நான் போகமாட்டேன் என்றான்.

"வெந்து சாவியா?"

"சாவேன்."

ஆண்டாயி வாதாடவில்லை. மறுநாள் விடிந்ததும் சட்டியில் நெருப்பள்ளி, ஈரத்தோகையைத் திணித்து வாசற்படியில் வைத்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடம். "நெருப்பு! நெருப்பு!" என்று அலறினாள்.

சொல்லிவைத்தபடி பிள்ளைகள் ஓட்டைக்குள் பாய்ந்தன. பின்னால் ஆடு. அதன் பின்னால், புகையில் இருமிக்கொண்டு பஞ்சநாதன். தலையும் தோளும் அண்ணன் வீட்டுக்குப் போனதும் சத்தியம் ஞாபகம் வந்து நின்றுவிட்டான்.

அய்யாக்கண்ணு கூழ் குடித்துக்கொண்டிருந்தான். ஆட்டைப் பார்த்துச் சொன்னான்: "ஏ ஆடே, அந்தாளு வர்றானா, போறானா? வழிய அடைச்சுக்கிட்டு நிக்கிறான்னு சொல்லு."

பஞ்சநாதனும் ஆட்டிடமே சொன்னான்: "அந்தாளைக் கை குடுக்கச் சொல்லு."

அய்யாக்கண்ணு அவனை அக்குளில் பிடித்து உருவினான். தோளில் போட்டுக்கொண்டு போய்க் கொல்லைக்கு வெளியே தொப்பென்று போட்டான். கால் எங்கும் படவில்லை. மற்றதெல்லாம் பட்டது.

"சத்தியம் பொழச்சுது" என்றாள் பாப்பாத்தி.

"நெருப்பு எங்கடி?"

"சட்டியில" என்றாள் ஓட்டை வழியே வந்த ஆண்டாயி. பஞ்சநாதன் வெகுநேரம் ஏசினான். ஆனால் வழியை அடைக்கச் சொல்லவில்லை. கதவு போடலாம் என்றான்.

ஆசாரி கதவோடு வந்தார். தாழ்ப்பாள் என் பக்கம்தான் என்றான் பஞ்சநாதன். இல்லாவிட்டால் ஆடு காணாமல் போகுமாம். என் பக்கம்தான் என்றான் அய்யாக்கண்ணு. அவன் வீட்டில் கோழி இருந்தது. ஆசாரி வெற்றிலை போட ஆரம்பித்தார்.

"நெருப்பு எந்தப் பக்கம் புடிக்கும்னு ரெண்டு பேருல யாராவது முன்கூட்டியே சொல்லிடுங்க. அதுக்குத் தக்கன தாழ்ப்பாள் வைப்போம்" என்றாள் ஆண்டாயி.

ஆசாரி கதவைத் தூக்கிக்கொண்டு போனார்.

வழி திறந்தே கிடந்தது. பஞ்சநாதன் பெண்டாட்டியிடம் வாங்கும் ஏச்சு அன்றிலிருந்து அந்தப் பக்கமும் தெளிவாகக் கேட்டது. பாப்பாத்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பாள்.