மாட்டுத்தோல் வடம்

வெள்ளம் பாலத்தின் நடுக்கல்லை ஆற்றுக்குள் புரட்டிப் போட்டு ஒரு மாதமாகிவிட்டது. நாற்பது பேர் முக்கியும் அது அசையவில்லை. அறுத்த நெல்லை அக்கரை சேர்க்க வழியில்லாமல் ஊரே தவித்தது.

ஓக்சே எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மாடறுக்கிறவன். பெரிய மனிதர் நடமாடும் இடத்தில் அவன் கூனிக் குறுகித்தான் நடக்கவேண்டும். சிம் கியோ பண்டிதர் வீட்டில் மட்டும் வேறு மாதிரி. பீக்கிங்கிலிருந்து வந்த வேதப் புத்தகங்களைப் படித்து ஞானஸ்நானம் பெற்றவர் அவர். செபத்துக்கு வரும் ஓக்சேயைக் அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றிய கணகணப்பான தரையில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து "அண்ணே" என்பார். முதல் நாள் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று பண்டிதர் மேல்நாட்டுப் புத்தகத்தில் பார்த்து வரைந்த, பாரம் தூக்கும் பொறியின் படத்தோடு ஆற்றங்கரைக்கு வந்தார்.

"என்ன பண்டிதரே, மேற்கத்திச் சாமி வந்து கல்லைத் தூக்குமோ?" என்று ஊர்த்தலைவர் மின் இளித்தார்.

"சாமிக்கு வேற சோலி இருக்கு. நாலு கப்பி, நல்ல வடம், எட்டுப் பேரு போதும்."

மரச்சட்டம் நட்டார்கள், கப்பி மாட்டினார்கள். இழுத்ததும் வைக்கோல் வடம் படீரென்று அறுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பண்டிதர் திரும்பினார்.

"அண்ணே, உங்க தோல்வடத்தைக் கொண்டாங்க!"

சிரிப்பு நின்றுபோயிற்று.

"அண்ணனா? யாருக்கு யாருய்யா அண்ணன்?" மின்னுக்கு முகம் சிவந்தது.

"எனக்குத்தான். கூடப் பிறந்தவர் மாதிரி."

ஓக்சே ஓடினான். அவனும் பெண்டாட்டியும் ஏழு காளைத்தோலை முறுக்கித் திரித்த வடத்தைத் தோளில் சுமந்து வந்தான்.

"அவன் தொட்டதை எங்க ஆளு தொடமாட்டான்" என்றார் மின்.

"அப்ப எங்க ஆளுங்களே இழுக்கட்டும்!" தன் வாயிலிருந்தா இப்படி வந்தது என்று ஓக்சேக்கே திகைப்பு.

அவன் சேரியிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் இழுத்தார்கள். கப்பிகள் கிறீச்சிட்டன. சேறு வழிய வழியக் கல் மேலே வந்து, அந்தரத்தில் ஆடி, தன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதுவரை சிரித்தவர்கள்தான் முதலில் மகிழ்ச்சியில் கத்தினார்கள்.

"தாங்குமா?" என்றார் மின். முன்னே போக யாருக்கும் துணிவில்லை.

ஓக்சே முதல் நெல்வண்டியின் மாட்டைப் பிடித்தான். நெஞ்சை நிமிர்த்தி நடுக்கல்லில் ஏறினான். குனியச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நா எழவில்லை. கரையில் அவன் பெண்டாட்டி ஊரே கேட்கச் சிரித்தாள். அவனுக்குப் பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடகடத்து வந்தன.