அரியரத்தினத்தின் நன்றியுரை

சிட்னியில் தமிழர் கூட்டம் எங்கே நடந்தாலும் நன்றியுரைக்கு அரியரத்தினத்தைத்தான் கூப்பிடுவார்கள். வேறெதற்கும் கூப்பிடுவதில்லை. 1975இல் அங்கிருந்த தமிழரை நாலைந்து பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆகவே அது பெரிய புகழும் அல்ல.

அந்த ஞாயிறு வென்ட்வேர்த்வில் மண்டபத்துக்குப் புறப்பட்டவரை மனைவி யோகா வாசலில் மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, சிறி அந்த மெல்பேர்ன்காரற்ற கதையில பாதி விழுந்திட்டான். எழும்பி நாலு கேள்வி கேளுங்கோ. அவனும் போனா எனக்கு இந்த நாட்டில ஆர் இருக்கினம்?"

"நான் ஒருத்தன் இருக்கிறன்தானே."

யோகா சிரிக்கவில்லை. சிறிதரன் அவளுடைய ஒரே தம்பி. செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் இப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. மெல்பேர்ன்காரர் தேவராஜாவோ, எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வடக்கே குயின்ஸ்லாந்துக் காட்டில் ஒன்றாய் மிளகாய்த் தோட்டம் செய்யவேண்டும் என்று பேசித் திரிபவர்; அன்றைய கூட்டத்தின் பேச்சாளரும் அவரே.

தேவராஜா பேசினார். அரியரத்தினம் பேச்சுக் கேட்பதில் சூரர். குரல் ஏறிய இடங்களிலெல்லாம் ஆதாரம் இறங்குவதைக் கவனித்தார். ஒரு இத்தாலிக்காரன் ஒரே போகத்தில் மாடி வீடு கட்டினானாம். எந்த இத்தாலிக்காரன், எந்த ஊர்? தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டிய இடத்தில் தமிழனின் வியர்வையைப் பற்றிச் சொன்னார். சனம் கைதட்டியது. வியர்வையில் மிளகாய் காய்க்காது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "சந்தேகப்படுறவன் எங்கட இனத்தையே சந்தேகப்படுறான்" என்றபோது, கேட்க நினைப்பவனின் வாயை முன்கூட்டியே அடைக்கும் வேலை இது என்பதும் விளங்கியது. எல்லாம் விளங்கியது. கேள்விகள் தயாராக இருந்தன.

தலைவர் மகேந்திரராஜா மணிக்கூட்டைப் பார்த்தார். "மண்டபம் பூட்ட ஆள் வந்து நிக்குது. கேள்வியளை விட்டிட்டு நேரே நன்றியுரைக்குப் போவம்."

அரியரத்தினம் எழுந்தார். கேட்கத்தான் எழுந்தார். ஆனால் நன்றியுரையில் பேச்சாளரைக் குறை சொன்ன தமிழனை அவர் கண்டதில்லை. முதல் ஆளாக இருக்கும் துணிவும் இல்லை. மைக்கைக் கண்டதும் நாக்கு பழகிய வழியில் ஓடிவிட்டது. "தரிசு நிலமும் தேவராஜா அவர்களின் குரல் கேட்டால் பூத்துவிடும்..." கைதட்டல். நிறுத்தப் பார்த்தார். கைதட்டலுக்குள் இன்னொரு உவமை பிறந்தது.

வெளியே காரடியில் சிறி ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"அத்தான், அவர் பேசேக்க எனக்கு அரைமனம்தான். நீங்கள் பேசினாப் பிறகு முடிவெடுத்திட்டன். நாளைக்கே வேலையை விடப்போறன்."

"டேய், அது நன்றியுரையடா! அதை ஆர் நம்புறது?"

"அப்ப பொய்யே சொன்னனீங்கள்?"

"பொய்யில்லை... மரியாதை. தண்ணி எங்கையிருந்து வருமெண்டு அவர் சொன்னவரே?"

"சும்மா விடுங்கோ. இது அக்கா சொல்லித்தந்தது. மேடையிலதான் உங்கட மனசு கதைச்சது."

அரியரத்தினம் இத்தாலிக்காரனைப் பற்றித் தொடங்கினார். மைக் இல்லாத அவருடைய நியாயங்கள் இருமலைப்போல வந்தன. அதற்குள் சிறி தேவராஜாவைக் கூட்டிவந்து முன் சீட்டில் ஏற்றினான். அக்கா வீட்டு இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டானாம்.

வீட்டில் சிறி நேரே குசினிக்குள் போனான். அவன் என்ன சொன்னான் என்று வெளியே காதில் விழவில்லை; கரண்டிச் சத்தம் நின்றது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யோகா வெளியே வந்தாள். கதிரையிலிருந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் அங்கதானே இருந்தனீங்கள்?"

"ஓம்," என்றார் அரியரத்தினம். "எல்லாத்தையும் கவனமாக் கேட்டனான்."